இருபத்துநாலாவது வலி

எனக்கு வலிக்கவே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை அழுமூஞ்சி என்று நினைக்க வேண்டாம். ரிங்லெட் பாதையில் லோரி கவிழ்ந்து என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது எழுபத்தாறாம் வருடம். ஒரு வருடம் கக்கத்தில் கட்டையை இடுக்கிக்கொண்டு தாவித் தாவித் திரிந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரிப் பையன் டொனால்ட் ஒரு கட்டைக்கால் செய்து கொண்டுவந்து மாட்டிவிட்டான். எழுந்து நின்ற உடனே தெரிந்துவிட்டது, அது என் காலுக்கென்றே பிறந்த கால். வலி என்று மருந்துக்கும் இல்லை.

அப்படியிருந்தும் இரண்டு வருடம், மாதம் தவறாமல், அவனிடம் வலிக்கிறது என்று சொன்னேன்.

என் நிலைமையையும் கேளுங்கள். கால் போன மூன்றாவது மாதம் என் புருஷன் பழனியப்பன் சிங்கப்பூரில் வேலை இருக்கிறது என்று போனார். போனவர் போனவர்தான். பிள்ளைகுட்டி கிடையாது. மலையில் கொழுந்து பறித்தபோது பத்துப் பெண்களோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் நான். கால் போனதும் தோட்டத்து ஆபீஸ் கிராணி என்னைத் தொழிற்சாலையில் போட்டார். தேயிலைத் தூளில் குச்சி பொறுக்கும் வேலை. மிஷின் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவள் தும்மினால்கூடக் கேட்காது. வீடு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தின் கடைசியில், அதற்கு முந்திய இரண்டு வீடும் காலி. லயத்துப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் என்னைப் பார்த்ததும் எல்லாருக்கும் அடுப்பில் சோறு கொதிக்கிற ஞாபகம் வந்துவிடும். காலையில் கதவைச் சாத்தும்போது "சரி, போலாம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பல நாள் என் வாயிலிருந்து வந்த பேச்சு அது ஒன்றுதான்.

டொனால்டுக்கு வேலை மலைக்குக் கீழே, பெரிய ஆஸ்பத்திரியில், கை கால் செய்கிற பட்டறையில். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். வேதக்காரப் பையன். கால் கொடுத்த அடுத்த மாதம் மோட்டர் சைக்கிளில் மலையேறி வந்தான். டிஸ்பென்சரி பெஞ்சில் என்னை உட்கார வைத்து, கீழே மண்டி போட்டு, கட்டைக்காலைக் கழற்றிவிட்டு, என் மொட்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"இங்க வலிக்குதா அக்கா? இங்க? இந்தப் பக்கம்?"

கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி அழுத்திக் கேட்டான். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததிலிருந்து அந்தக் காலை யாரும் தொட்டதில்லை. துணி சுற்றும்போது நானே வேறு பக்கம் பார்ப்பேன். "இல்ல தம்பி, இல்ல" என்று ஒழுங்காகத்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் எழுந்து பெட்டியை மூடினான்.

"நல்லா இருக்குக்கா. ஏதாச்சும் வலி இருந்தா சொல்லுங்க, பார்த்துருவோம்."

அவ்வளவுதானா என்று எனக்குத் திக்கென்றது. வலி இல்லாவிட்டால் இனி வரமாட்டான் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். "தம்பி, இந்த எலும்பு ஓரம் சுருக்குன்னு குத்துது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் மறுபடியும் மண்டி போட்டான்.

காதல் கீதல் என்று யாரும் இதில் முடிச்சுப் போட வேண்டாம். எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது, கண்ணாடியும் வீட்டில் இருந்தது. எனக்கு வேண்டியது என்னிடம் ஏதாவது கேட்கிற ஒரு வாய், அவ்வளவுதான்.

மாதத்துக்கு அரைமணி நேரம் அது கிடைத்தது. நான் வலி சொல்வேன், அவன் காலை ஜன்னலோரம் எடுத்துப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரத்தால் கறகறவென்று தேய்ப்பான். தேய்த்துக்கொண்டே பேசுவான். என்ன சமைத்தேன் என்று கேட்பான், தாப்பா பாதையில் மோட்டர் மக்கர் பண்ணிய கதையைச் சொல்வான், அவன் அம்மா அற்புதம்மாள் கோயில் பாட்டில் ராகத்தை விட்டுவிட்டு எங்கோ போவதைச் சொல்லிச் சிரிப்பான். "இப்பப் போட்டுப் பாருங்கக்கா." போட்டு நாலு எட்டு நடந்து, "இப்பப் பரவால்ல தம்பி" என்பேன். குச்சி பொறுக்கும்போதே அடுத்த மாதம் எந்த இடத்தில் வலி என்று யோசித்து வைத்துவிடுவேன். ஒரே இடத்தைச் சொன்னால் பிடிபட்டுவிடுவேனாம், அந்தக் கள்ளப் புத்தி வேறு.

எழுபத்தொன்பதில் ஒரு மாதம் வந்தவன் பெட்டியைக்கூடத் திறக்காமல் பேச ஆரம்பித்தான்.

"புது ரூல்ஸ் வந்துருச்சுக்கா. சர்டிபிகேட் இல்லாதவன் இனிமே நோயாளியத் தொடக்கூடாதாம். பட்டறைல உக்காந்து கட்டை சீவலாம், அவ்ளோதான். வெள்ளைக்காரர் ஒருத்தர் வந்து பரீட்சை வைக்கிறாரு. நாம கால் செஞ்சு கொடுத்த ஆளக் காட்டணும். நீங்க வருவீங்களா?"

"பாஸ் பண்ணிட்டா?"

"கோலாலம்பூர்ல புதுப் பட்டறை தொறக்கறாங்க. அங்க போட்ருவாங்க."

"இல்லன்னா?"

"இல்லன்னா மறுபடியும் ட்ரைனிங் லா. ட்ரைனிங்ல இருக்கறவன் மட்டும் தொடலாமாம். இன்னும் ரெண்டு வருஷம் இதே மலை, இதே மோட்டர்" என்று சிரித்தான்.

வருகிறேன் என்று சொன்னேன். அன்றைக்கு வலியைக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன்.

மற்றவர்களுக்கெல்லாம் பரீட்சை ஈப்போவில் நடந்தது. டொனால்டுக்கு மட்டும் எங்கள் டிஸ்பென்சரியிலேயே. அந்த வெள்ளைக்காரருக்கு மேலே ஏறிக் குளிரைப் பார்க்க ஆசையாம். கூட ஒரு மலாய் டாக்டரம்மா வந்திருந்தார். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் கந்தசாமி கழுத்தில் டை கட்டிக்கொண்டு வாசல்படியிலேயே நின்றார். கதவைச் சாத்துங்கள் என்று யார் அவரிடம் சொல்வது?

என்னை நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். படி ஏறி இறங்கினேன். பின்பக்கத் தேயிலைச் சரிவில் ஏறச் சொன்னார்கள், ஆடு மாதிரி ஏறிக் காட்டினேன். வெள்ளைக்காரர் என் இரண்டு இடுப்பெலும்பிலும் கை வைத்து மட்டம் பார்த்தார். காலைக் கழற்றி, மொட்டைக்காலில் எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். கட்டைக்காலில் மொட்டைக்கால் உட்காருகிற கூட்டுக்குள் விரலை விட்டுத் தடவினார். "குட், குட்" என்று தலையை ஆட்டினார். டொனால்டுக்கு அப்போதுதான் முகத்தில் ரத்தம் வந்தது.

பிறகு அவன் எழுதி வைத்திருந்த நோட்டை வாங்கிப் புரட்டினார். ஐந்தாறு பக்கம் போனதும் அவர் முகம் சுருங்கியது. திரும்ப முதலிலிருந்து படித்தார். டொனால்டிடம் ஏதோ கேட்டார். அவன் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை, இன்னும் சத்தமாகக் கேட்டார். அந்தக் குளிரிலும் டொனால்டுக்கு நெற்றி வேர்த்தது.

"என்ன தம்பி?"

"நீங்க மாசா மாசம் வலின்னு சொன்னத எழுதியிருக்கேங்க்கா, இருபத்துநாலு தடவை. வலிக்குக் காரணம் ஒண்ணும் தெரியல, கூட்டைத் தொடலன்னும் எழுதியிருக்கேன். நோயாளி ரெண்டு வருஷமா வலி வலின்னு சொல்லிருக்கு, நீ கைய கட்டிக்கிட்டு நின்னியான்னு கேக்கறாரு. இப்படிப்பட்டவனுக்கு சர்டிபிகேட் எப்படித் தர்றதுங்கறாரு."

"அரம் போட்டுத் தேய்ச்சீங்களே தம்பி."

அவன் குனிந்துகொண்டான். "அது வெளிப்பக்கம்க்கா."

அப்படியானால் இவனுக்குத் தெரியும். என் வலி பொய் என்று தெரிந்தும் மலையேறி வந்திருக்கிறான், தெரிந்தும் மண்டி போட்டிருக்கிறான், நான் மானம் கெட்டுவிடக் கூடாதே என்று வெளிப்பக்கத்தைத் தேய்த்திருக்கிறான். அவனுக்கும் என்னோடு பேசப் பிடித்திருக்கிறது. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றாலும், அந்த ஒரு நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

பேசாமல் இருந்துவிடலாம். அதுவும் தோன்றத்தான் செய்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அவன் தோற்றுப்போவான், இன்னும் இரண்டு வருடம் மாதா மாதம் வருவான். வாயைத் திறந்தால் அவன் போய்விடுவான். அதோடு விடாது, வாசலில் நிற்கிற கந்தசாமி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். ஆம்பளை தொட்டுப் பார்ப்பதற்காகப் பொய் வலி சொன்னவள் என்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் எந்த முகத்தோடு தண்ணீர்க் குழாயடிக்குப் போவது?

டொனால்ட் என்னைப் பார்க்கவே இல்லை. கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை எனக்கு எரிச்சல் வந்திருக்கும். நான் டாக்டரம்மா பக்கம் திரும்பினேன். சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் எனக்கு மலாய் வரும்.

"சாக்கிட் தாடா, டொக்டர். சாயா போஹோங்."

வலி கிடையாது, நான் பொய் சொன்னேன்.

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "செமுவா?" எல்லாமேவா?

"செமுவா" என்றேன்.

"கெனாப்பா?" ஏன் என்று மெதுவாகத்தான் கேட்டார்.

தனியாக இருக்க முடியவில்லை என்பதை மலாயில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியாது. தமிழிலும் அதை நான் யாரிடமும் சொன்னது கிடையாது. "ரூமா தாடா ஓராங்" என்றேன். வீட்டில் ஆள் இல்லை.

டாக்டரம்மா அதை வெள்ளைக்காரருக்கு இங்கிலீஷில் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டைத் திரும்ப எடுத்து, என் காலையும் எடுத்து, கூட்டுக்குள் இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு டொனால்டுக்குக் கை கொடுத்தார். நல்லாப் பொருந்தின கூட்டை யார் என்ன சொன்னாலும் கெடுக்காமல் வைத்திருந்தாயே, அதுதான் வேலை தெரிந்தவனுக்கு அடையாளம் என்று சொன்னாராம். வாசலில் கந்தசாமியைக் காணவில்லை. செய்தியோடு கிளம்பிவிட்டார்.

பெரியவர்கள் இருவரும் மேலே பிரிஞ்சாங் டவுனைப் பார்க்கப் போனார்கள். டொனால்ட் மோட்டரில் பெட்டியை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நான் காலை மாட்டிக்கொண்டு அவனிடம் போனேன்.

"எப்போலேர்ந்து தெரியும் தம்பி?"

"மொத மாசமே சந்தேகம்தாங்க்கா. ரெண்டாவது மாசம் தெரிஞ்சிருச்சு. அமுங்குற எடம் செவக்கும், உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

"தெரிஞ்சும் வந்தீங்களே."

இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் நடந்து போனேன். அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"வந்துதானேக்கா ஆகணும். ஒரே ஆள ரெண்டு வருஷம், மாசம் ஒரு தடவை பார்த்து எழுதணும். இருபத்துநாலு எழுதினாதான் பரீட்சைல உக்காரவே விடுவாங்க. நான் ட்ரைனிங்ல சேர்ந்தப்பவே அது ரூல்ஸ்."

"நான் வலி சொல்லலன்னா?"

"சொன்னாலும் வரணும், சொல்லாட்டியும் வரணும்." கொஞ்சம் சங்கடப்பட்டான். "நான் அப்பவே உங்ககிட்ட சொல்லிருக்கணும். நீங்க பாவம், அதுக்காகப் போயி..."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல பையன், அன்றும் நல்லபடியாகத்தான் பேசினான். என் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஒரு பொய்யும் சொல்லாமல், சும்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே அந்த அரைமணி நேரம் எனக்கு வந்திருக்கும். என் காலோ வேறு எவர் காலோ, அவனுக்கு இருபத்துநாலு தடவை வேண்டியிருந்தது. அவன் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று கட்டைக்காலை அழுத்தி ஊன்றி நின்றேன்.

"என்னால உங்களுக்கு சர்டிபிகேட் போகப் பார்த்துச்சே தம்பி."

"அதான் காப்பாத்தி விட்டுட்டீங்களேக்கா. மறக்க மாட்டேன்." மோட்டரில் ஏறி உட்கார்ந்தான். "அடுத்த மாசத்துலேர்ந்து நான் வரமாட்டேன். வலி இருந்தா டிரசர்கிட்ட சொல்லுங்க, லெட்டர் போடுவாரு. வேற ஆள் வந்து பார்ப்பாங்க."

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

இரண்டு வருடமாக நான் சொன்ன எதையும் நம்பாதவன் அதை மட்டும் உடனே நம்பி, மோட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.