முப்பத்தேழாம் வாரம்

மேசைக்கடியில் குனிந்து அக்காவின் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கியபோது, கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கும் சத்தம் கேட்டது. நேற்று சாலை விபத்தில் இறந்த அக்காவை மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்துவிட்டார்கள். கணினியின் இரைச்சல் அடங்கியது. இனி யாரும் இதிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அப்படித்தானே? திரையை இன்னொரு முறை பார்த்துக்கொண்டான்.

யார் வருவார் என்று அவனுக்குத் தெரியும். ஆய்வகத்தில் அக்காவோடு வேலை பார்த்தவர். போன வருடம் அக்கா எழுதிய கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் வந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அவனுக்குத்தான் உறுத்தியது. இந்தக் கணினியில் இருப்பதோ அவளுடைய நான்கு வருட உழைப்பு. கருவில் மூளை எப்படி வளர்கிறது என்று அறிய, ஒரு செயற்கை நரம்பு வலையைச் சில செல்களிலிருந்து தானாக வளரவிட்டிருந்தாள். அது தாறுமாறாக இணைப்புகளை நீட்டும்; பயன்படாதவற்றைத் தானே கழித்துக்கொள்ளும்.

பத்து மணிக்கெல்லாம் அவர் வந்துவிட்டார். கூடத்தில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

“தம்பி, அக்கா ரூமை கொஞ்சம் பாக்கலாமா?”

“என்ன சார் அவசரம்? இன்னும் எடுக்கவே இல்ல.”

“ஆளு வாசலத் தாண்டல, அதுக்குள்ள அலமாரியக் குடையணுமாக்கும்” என்றாள் சித்தி, அவர் காதில் விழும்படியே.

“எதையும் எடுக்க வரலம்மா. அது ஓடிட்டிருக்கான்னு பாக்கணும், அவ்வளவுதான்.”

நல்ல சாக்கு. அவர் கைகளைப் பார்த்தபடியே பின்னால் போனான். இருண்ட திரையை அவர் தொடவில்லை.

“எப்ப நின்னுச்சு?”

“நான்தான் நிறுத்தினேன். காலைல.”

“ஓ.”

குனிந்து, தரையில் கிடந்த மின்கம்பியைப் பார்த்தார்.

“அதுல ஒரு நாள்னா வயித்துல ஒரு வாரம். இன்னிக்கு முப்பத்தேழு. இன்னும் மூணு நாள்ல முடிஞ்சிருக்கும்.”

“நடுவுல சேமிச்சு வெச்சிருப்பாளே?”

“சேமிச்சா தொறந்து பாக்கத் தோணும், பாத்தா கைவைக்கத் தோணும்பாங்க உங்க அக்கா. எவ்வளவோ சண்ட போட்டேன், கேக்கல.”

“திரும்ப ஓட்டினா வராதா?”

“வரும். வேற ஒண்ணு வரும்.”

பொய்யாகவும் இருக்கலாம். “முடிஞ்சிருந்தா யார் பேர்ல வந்திருக்கும்?” என்று கேட்டேவிட்டான்.

அவர் கைபேசியில் இந்த ஆய்வுக் கட்டுரையின் வரைவைத் திறந்து நீட்டினார். அக்காவின் பெயர் மட்டும். முடிவுகளுக்கான பக்கம் காலியாக இருந்தது. அவன் தேதியைத் தேடினான். மூன்று மாதத்துக்கு முந்தையது.

மதியம் அக்காவின் பெட்டியைத் தூக்கினார்கள். ஒரு பக்கம் அவன் பிடிக்க, எதிர்ப்பக்கம் அவர் பிடித்தார். இறங்கும்போது படிகளில் பெட்டி சாயவே இல்லை. அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். அவனைவிட ஒரு சாண் உயரமான மனிதர், வண்டிவரை முழங்கால்களை மடித்தே நடந்துகொண்டிருந்தார்.