தட்டைப் பார்க்காதவர்கள்

அப்பாவுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும், நாளைக் காலைக்குள் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று பெரிய சிஸ்டர் போனில் சொன்னபோது எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வீட்டில் மயங்கி விழுந்தவரை ஒன்பது நாளைக்கு முன் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இப்போது மூன்று கிலோ குறைந்திருக்கிறாராம். மூன்று வேளையும் நன்றாகத்தான் சாப்பிடுகிறார், ஆனாலும் வாயால் போவது உடம்புக்குப் போதவில்லை, அதனால்தான் குழாய் என்றார். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிற மனுஷன் எப்படி இளைப்பார் என்று கேட்டேன். டாக்டர் சொன்னால் சொன்னதுதான் என்று போனை வைத்துவிட்டார்.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருபது வருஷமாக இருக்கிறேன். காகிதத்தில் டிக் விழுவது வேறு, குழாயில் தண்ணீர் விழுவது வேறு என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆபீஸில் என்னைப் பட்டாசு என்பார்கள். அரை நாள் லீவு எழுதிப் போட்டுவிட்டு, பன்னிரண்டரை மணிக்கு வார்டு வாசலில் நின்றேன்.

மறதி நோய் வந்தவர்களுக்கென்றே புதிதாகத் திறந்த வார்டு அது. 'மறந்தவர்களை நாங்கள் மறப்பதில்லை' என்று வாசலில் ஆளுயரத்துக்கு போர்டு. வழி தெரிவதற்காகக் கழிவறைக் கதவுக்கு மட்டும் மஞ்சள் பெயிண்ட், கட்டிலுக்கு மேலே பூப்படம், பயிற்சி முடித்த நர்ஸுகளின் சட்டையில் பேட்ஜ். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சொந்தக்காரர்கள் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைதான் வரலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் எந்த வேளைச் சாப்பாடும் வராது. சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் நின்றால் வேலைக்கு இடைஞ்சலாம். காவலாளி கையை நீட்டி மறித்தார். என் முகத்தைப் பார்த்தவர் என்ன நினைத்தாரோ, கையை இறக்கிவிட்டார்.

அப்பாவின் இரண்டு கைகளையும் துணியால் சுற்றிக் கட்டிலின் கம்பியோடு கட்டியிருந்தார்கள். ட்ரிப்ஸ் ஒயரைப் பிடுங்குகிறாராம். முப்பத்தி நாலு வருஷம் மின்கம்பத்தில் ஏறி இறங்கிய லைன்மேன் அவர். கண்ணெதிரே ஒரு ஒயர் தொங்கும்போது சும்மா இருக்கச் சொன்னால் எப்படி இருப்பார்? சாப்பாட்டுத் தட்டு மூடியபடி கால்மாட்டு மேஜையில் இருந்தது.

சின்ன சிஸ்டர் ஒருத்தி பேட்ஜும் சிரிப்புமாக வந்தாள். குனிந்து அவர் தோளைத் தொட்டு, "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள்.

"ஆச்சும்மா. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார் அப்பா.

உங்கப்பா தங்கமான மனுஷன் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அவள் சார்ட்டில் டிக் அடித்தாள். பின்னாலேயே வந்த தட்டு எடுக்கும் அம்மாள் தட்டைத் தூக்கினார். நான் பிடுங்கித் திறந்தேன். சோறு வைத்தபடியே காய்ந்து கிடந்தது, கரண்டியில் ஈரம்கூட இல்லை.

"கையைக் கட்டிப் போட்டிருக்கீங்களே, எதால சாப்பிட்டாரு?" என்றேன்.

"அவர்தானேங்க ஆச்சுன்னாரு" என்றாள். பொய் சொல்லவில்லை. உண்மையாகவே விழித்தாள்.

அப்பாவுக்குக் காலை எது, மாலை எது என்று தெரியாது. என் பெயர் அவரை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறது. மரியாதை மட்டும் போகவில்லை. யார் கேட்டாலும் ஆச்சு என்பதும், பதிலுக்கு அவர்களைக் கேட்பதும் எழுபத்தாறு வருஷமாக நாக்கில் ஊறிய பழக்கம். இது அந்தப் பயிற்சியில் வரவில்லை போலிருக்கிறது.

கட்டை அவிழ்த்தேன். பெரிய சிஸ்டர் ஓடி வந்து விதிமுறை பேசினார். உங்கள் விதிமுறையைக் குழாயில் கரைத்து ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தேன். கையில் கரண்டியைக் கொடுத்தேன். அதை என்ன செய்வது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரே உட்கார்ந்து நான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினேன். அதைப் பார்த்து அவரும் ஒரு வாய். இருபது நிமிஷத்தில் தட்டு காலி. அதற்குள் பக்கத்துக் கட்டில்காரரின் தட்டு மூடியைக்கூடத் திறக்காமல் திரும்பிப் போயிற்று. அவருக்காகச் சண்டை போட யாரும் வரவில்லை.

டாக்டர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. ஒன்பது நாள், இருபத்தேழு டிக். அவர் சார்ட்டையும் காலித் தட்டையும் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது. குழாய் வேண்டாம் என்று சார்ட்டில் அந்த வரியை அடித்தார். இனி எந்தக் கட்டிலிலும் வாயைக் கேட்டு எழுதக் கூடாது, தட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று பெரிய சிஸ்டரிடம் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் யார் வீட்டு ஆள் வந்தாலும் விடச் சொன்னார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இதை எழுத்தில் கொடுப்பேன், பெற்றவரைப் பட்டினி போட்டவர்களைச் சும்மா விடமாட்டேன் என்றேன்.

"கொடுங்க. கொடுக்கத்தான் வேணும்" என்றார். பிறகு ஃபைலின் முதல் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். "ஆனா இதையும் பாருங்க. இங்க வர்றப்பவே இவரு நாப்பத்தோரு கிலோ. சரியா சாப்பிடாமத்தான் மயங்கி விழுந்திருக்காரு. வீட்ல இவரை யாரு பாத்துக்கிறாங்க?"

காலை ஏழு மணிக்கு டேபிளில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினால் நான் திரும்ப ஏழாகும். ஒரு மணிக்கு ஆபீஸிலிருந்து போன் செய்வேன். சாப்பிட்டீங்களாப்பா என்பேன். ஆச்சும்மா, நீ சாப்பிட்டியா என்பார். சரிப்பா என்று வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டதும் அதைத்தான், தெருமுனை மருந்துக்கடைக்காரர் கேட்டதும் அதைத்தான். எல்லாருக்கும் ஒரே பதில். சாயங்காலம் வந்து மூடியைத் திறந்தால் முக்கால்வாசி அப்படியே இருக்கும். வயதானால் பசி குறையும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு குப்பையில் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பேன். அந்தச் சின்ன சிஸ்டராவது தட்டைத் திறந்து பார்க்கவில்லை.

"நான்தான் டாக்டர்" என்றேன். "ஒரு வருஷமா நான்தான் பாத்துக்கிறேன்."