வாய் மூடிய கடற்பீச்சி

பவளப்பாறையில் மாதிரி எடுக்க மூழ்கிய தம்பி திரும்பவில்லை; மறு வாரமே ஆய்வகத்துத் தொட்டியில் கடற்பீச்சியாகப் படர ஆரம்பித்தான். உடல் கிடைக்கவில்லை, பை மட்டும் கரை ஒதுங்கியது. அதிலிருந்த பவளத்துண்டின் மேல்தான் முளைத்திருந்தான்: ஒரே தோலுக்குள் ஒட்டிக்கொண்டு வாழும் நூற்றுக்கணக்கான குட்டி உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், ஊதா நிறம். கடற்பீச்சி இனங்களைப் பிரித்தறிவதுதான் அந்த ஆய்வகத்தில் அக்காவின் வேலை. அவன் எடுத்து வருவான், அவள் பெயர் சொல்வாள். இவனை அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. யார் தொட்டாலும் முகத்தில் தண்ணீர் பீய்ச்சினான். சின்ன வயதிலிருந்தே வம்புக்காரன். அம்மா தினமும் வந்து தொட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு வீட்டுக்கதை பேசினாள். தொட்டி கழுவுபவர், "தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணாடியைத் துடைப்பார்.

கோடையில் கடல்நீர் சூடேறியது. தம்பி ஓரத்திலிருந்து அழுக ஆரம்பித்தான். சளியாகிச் சாக்கடைக்குப் போவதற்குள், அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு, புது இனமென்று விவரித்துப் பெயர் வைத்துவிட்டால், காலமெல்லாம் அலமாரியில் இருப்பான்.

"செய்டி. புதைக்கக்கூட எனக்கு ஒண்ணும் கிடைக்கல. பேராவது இருக்கட்டும்" என்றாள் அம்மா.

அதற்கொரு முறை உண்டு. முதலில் மென்தால் தூவி, திறந்த வாய் திறந்தபடியே மயங்கவிட வேண்டும், அப்புறம்தான் ஃபார்மலின். அவசரப்பட்டால் எல்லாம் சுருங்கி வாயை இறுக்கிக்கொள்ளும். உள்ளே செவுள் வரிசைகளை எண்ண முடியாது. எண்ணாமல் இனம் சொல்ல முடியாது. புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே அக்காதான். ஆனால் வாய்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோவதை அவளால் பார்க்க முடியவில்லை. சொந்தத் தம்பி. சீக்கிரம் முடியட்டும் என்று பாதியிலேயே ஃபார்மலினை ஊற்றிவிட்டாள். மிச்சமிருந்த வாய்களெல்லாம் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன.

உருப்பெருக்கிக்கடியில் அவனை நறுக்கி நறுக்கிப் பார்த்தாள். திறந்தபடி ஓய்ந்த வாய்கள் அழுகிய ஓரத்தில் இருந்தவை, ஊசி பட்டதும் குழைந்தன. மற்றதெல்லாம் கெட்டி முடிச்சு. நறுக்க இனித் துண்டில்லை என்றானபோது, எல்லாவற்றையும் புட்டியில் போட்டு, சீட்டில் 'இனம் தெரியவில்லை' என்று அவள் கையாலேயே எழுதி ஒட்டினாள். பிறகு கழிப்பறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

அம்மா புட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோவமா இருக்கான். உங்கிட்ட பேசமாட்டான், விடு."

அன்றிலிருந்து அந்தப் புட்டியை எடுப்பதும் வைப்பதும் அம்மாதான். அக்கா பக்கத்து மேசையில் உட்கார்ந்து மற்ற கடற்பீச்சிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள்.