வெள்ளிச் சரிகை கட்டிய பியூஸ் பெட்டி

என் அக்காள் கணவர் சங்கரசுப்பிரமணியனுக்கு மூளை என்று ஒன்று இருந்தால், அது அவருடைய பழைய மோரிஸ் காரின் டிக்கியில்தான் இருக்கும். மகளுக்கு வந்த முதல் வரனை, காரை 'டப்பா' என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காகவே விரட்டியடித்த மகானுபாவர். இந்தத் தடவை அந்த மகள் சங்கரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மாமா, இந்தக் கல்யாணமாவது காரால நின்னுராமப் பாத்துக்கிடுங்க."

நான் வண்ணார்பேட்டையில் கார் வயரிங் கடை வைத்திருப்பவன். மாப்பிள்ளை அழைப்பன்று காலையில் போய் பானெட்டைத் திறந்தேன். பியூஸ் பெட்டி மூடியைப் பிடிக்கும் கம்பிக் கிளிப் துருப்பிடித்து ஒடிந்திருந்தது. மூடி கையோடு வந்தது.

"சைக்கிள் ட்யூபை வளையமா வெட்டி மாட்டிருதேன் அத்தான். அசையாது."

"ட்யூபா? மாப்பிள்ளை ஏறுத வண்டியாக்கும் இது! நான் கட்டிக்கிடுதேன். நீ போய்ப் பந்தல் லைட்டைப் பாரு அப்பாத்துரை."

போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. அத்தானே ஓட்டினார். பின்னால் மாப்பிள்ளை மகேஸ்வரனும் அவர் அப்பாவும். தெருமுனை திரும்பும்போது பானெட்டிலிருந்து புகை வந்தது. சாம்பிராணி என்று நினைத்து ஒருவர் கும்பிட்டே விட்டார். கார் முக்கி நின்றது.

ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினேன். உள்ளே பார்த்தால், ஐயோ! தன் கல்யாண வேட்டியின் சரிகைக் கரையைக் கிழித்து மூடியைக் கட்டி, மிச்சத்தைக் காரின் உடம்பிலிருந்த ஸ்க்ரூவில் முடிந்து, குங்குமமும் வைத்திருக்கிறார். அசல் வெள்ளிச் சரிகை! பிளாஸ்டிக் சரிகையாக இருந்தாலாவது பிழைத்திருப்போம். வெள்ளியில் கரண்ட் பாய்ந்து கார் உடம்போடு ஷார்ட் ஆகும் என்று அந்த எம்.ஏ. மண்டைக்கு யார் சொல்வது? வயரெல்லாம் கருகிப் போயிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா முகம் கடுகடுவென்றிருந்தது. மாப்பிள்ளையோ பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, இறங்கித் தள்ள ஆரம்பித்தார். தங்கமான பையன். எனக்குப் போன உயிர் வந்தது.

அத்தான் தலையை வெளியே நீட்டினார்.

"மாப்ளே, பைய தள்ளுங்க. மோதிரம் பட்டு பெயிண்ட் உரசிரும்."

மாப்பிள்ளை கையை எடுத்தார். நிதானமாக ஜன்னலருகே வந்தார்.

"மாமா, நாளைக்குத் தாலி கட்டி சங்கரியைக் கூட்டிட்டுப் போயிருவேன். மறுவீட்டுக்கு நாங்க வரல. நீங்க வண்டியைப் பாத்துக்கிட்டு இருங்க."

மண்டபத்தை நோக்கி நடந்துவிட்டார். மறுவீட்டன்று அக்காள் மகளை எதிர்பார்த்து வாசலில் நிற்பாளே என்று அத்தானைப் பார்த்தேன். அத்தான் இறங்கி, காரின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லவேளை, கீறல் விழல" என்றார்.