ஒரு மாடி கூடுதல்

சட்டையின் மேல் பட்டன் மாட்டவே மாட்டேன் என்றது.

சின்னவள் மறுபடி முயன்றாள். அப்பாவின் கழுத்தருகே இன்னும் குனிந்து துளையைத் தேடினாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் அந்தப் பட்டனைப் போட்டதே இல்லை. துளை தூர்ந்தே போயிருந்தது.

"விடுடி," என்றாள் அம்மா, கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து. "கழுத்தை இறுக்கினா அவருக்குப் பேச்சு வராது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஒன்றும் நடக்காததுபோல் குனிந்து, அவருடைய சட்டைக்கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். கடைக்குக் கிளம்பும்போது எப்படி இருக்குமோ அப்படி.

விடியற்காலையில் 'நெஞ்சை லேசாப் பிடிக்குது' என்று எழுந்து உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்புவதற்குள் போய்விட்டார். மரச்சாமான் கடையில் விற்பனையாளர். ஊரே அவரை 'டிஸ்கவுண்ட்' என்றுதான் கூப்பிடும். எந்த விலையையும் ஏற்றிச் சொல்லி, வாடிக்கையாளர் முகம் சுருங்கும்வரை காத்திருந்து, பிறகு 'உங்களுக்காக' என்று இறக்கிக் கொடுக்கிற வித்தை அவருடையது. வாங்கினவர் ஜெயித்த களிப்பில் போவார். கடை முதலாளியும் அதே களிப்பில் இருப்பார்.

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

சாரம் கட்டுகிறவர். கையில் சுருட்டிய கயிறு. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலில் நின்றார்.

"பாப்பா... ஒரு நிமிஷம் வெளியே வரியா?"

"உள்ளே வாங்கண்ணே, அப்பாவைப் பாருங்க."

"பார்க்கிறேம்மா. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அவசரம்."

 சின்னவள் எழுந்தாள்.

எதிரே காலி மனை. பழைய பேருந்துப் பணிமனை இருந்த இடம், நகராட்சிக்குச் சொந்தம். அங்கேதான் குறைந்த வாடகை வீடுகள் கட்ட வேண்டும் என்று வாடகைதாரர் சங்கத்தின் செயலாளராக அப்பா பல வருடம் அலைந்தார். நான்கு மாடிக் கட்டடம். இந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு முதல் உரிமை. இன்று மாலை திட்டக்குழு கூடி அனுமதி தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறது. அனுமதி வந்தால், புது வீடு எழும்பும்வரை இங்கேயே இருந்துகொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வராவிட்டால், வீட்டை விற்றுவிடுவார். அம்மாவையும் சாமான்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரின் கடைக்கோடியில் வீடு தேட வேண்டியதுதான்.

அனுமதிக்கு முன் ஒரு விதி உண்டு. கட்டடம் எவ்வளவு உயரம் வரும் என்று அக்கம்பக்கத்தார் கண்ணால் பார்க்கும்படி, மனையின் நான்கு மூலையிலும் கம்பம் நட்டு, அந்த உயரத்தில் ஆரஞ்சு ரிப்பன் கட்டிவைக்க வேண்டும். இரண்டு வாரமாக அது அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு மணிக்கு அதிகாரியம்மா உயரத்தை அளக்க வராங்க இல்ல?" என்றார் சாரக்காரர்.

"ஆமா. அளக்கட்டும். கம்பம்தான் நிக்குதே."

"நிக்குதும்மா. ஆனா ரிப்பன் ஒரு மாடி மேல இருக்கு."

"என்னது?"

"உங்கப்பாதான் ஏத்திக் கட்டச் சொன்னாரு. நாலு மாடிக்குப் பதிலா அஞ்சு மாடி உயரத்துல. 'பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் பார்த்துப் பதறட்டும். கடைசி நாள் காலையில அவர் பால்கனியில நிக்கிற நேரமாப் பார்த்து ஒரு மாடி இறக்கு. உங்களுக்காக இறக்கிட்டோம் சார்னு நான் சொல்றேன். ஆளு ஆட்சேபணையை வாபஸ் வாங்கிடுவாரு'ன்னாரு."

சின்னவள் எதிரே ஆடிய ரிப்பனை அண்ணாந்து பார்த்தாள்.

அடப்பாவி அப்பா! சோபா விற்கிற மாதிரி கட்டடத்தை விற்றிருக்கிறார்.

"நீங்களே இறக்கியிருக்கலாமேண்ணே?"

"'நான் குரல் கொடுக்காம கயிறைத் தொடக் கூடாது'ன்னு சத்தியம் வாங்கிட்டாரும்மா. காலையிலேருந்து அங்கதான் நிக்கிறேன். குரல் வரலை." சாரக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்புறம்தான் உங்க வாசல்ல நாற்காலி இறக்குறதைப் பார்த்தேன்."

கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. அதிகாரி அளக்கும்போது வரைபடமும் ரிப்பனும் ஒத்துப்போகவில்லை என்றால் கோப்பு திரும்பிவிடும். அடுத்த கூட்டம் எப்போது என்று கடவுளுக்கும் தெரியாது.

உள்ளே வந்து அம்மாவிடம் கிசுகிசுத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள், மகள் தாயைத் தேற்றுகிறாள் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தனை மாடி ஏத்தினாராம்?" என்றாள்.

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?" அம்மாவின் உதட்டோரம் துடித்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி சம்பளத்தை ஏத்திச் சொன்னாரு. கல்யாணம் ஆனதும் உண்மையைச் சொன்னாரு. கேட்டா, 'உனக்காக இறக்கியிருக்கேன்'னாரு."

"அம்மா, நான் போயிட்டு வந்துடட்டுமா? இப்ப போனா எல்லாரும் என்ன நினைப்பாங்க..."

"போ. அவரு எங்கேயும் போக மாட்டாரு. நான் பார்த்துக்கறேன்."

வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து ஓடினாள்.

மூன்று கம்பங்களில் வேலை சுலபமாக முடிந்தது. சாரக்காரர் கயிற்றைத் தளர்த்த, ரிப்பன் சரசரவென்று இறங்கியது. கம்பத்தில் நாலு மாடி உயரத்துக்கு முன்பே போட்டிருந்த பெயின்ட் கோட்டுக்கு நேராக நிறுத்தி, கயிற்றை அடியில் கட்டினார்கள். நான்காவது கம்பம் மட்டும் சண்டித்தனம் செய்தது. கயிறு உச்சியில் உருளையில் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது.

"ஏறித்தான் அறுக்கணும் பாப்பா. உச்சி வரைக்கும் கம்பம் ஆளைத் தாங்காது, ஏணிக்கு ஆள் அனுப்பணும்."

"நேரமில்லண்ணே. அது மேலேயே கிடக்கட்டும். கோட்டுல புதுசா ஒண்ணு கட்டிடுங்க."

அவர் கம்பத்தில் தொற்றி ஏறிக் கட்டி முடித்து இறங்கியபோது, பின்னால் குரல் கேட்டது.

"என்னம்மா, இறக்கிட்டீங்க போல?"

பல் டாக்டர். மனைக்குப் பக்கத்து மூன்று மாடி வீடு அவருடையது. கட்டடம் வந்தால் தன் பால்கனிக்கு வெயில் வராது, பூச்செடியெல்லாம் பட்டுப்போகும் என்று ஆட்சேபணை கொடுத்த ஒரே ஆள். இரண்டு மாடிக்கு மேல் ஒரு செங்கல்கூடக் கூடாது என்று எழுதியிருந்தார்.

வாக்கியம் அவள் நாக்கில் தயாராக இருந்தது. அப்பாவின் ஏற்ற இறக்கத்தோடு. *உங்களுக்காகத்தான் சார்.* சொன்னால் போதும். வேலை முடிந்தது.

ஆனால் அந்தப் பொய் அப்பாவின் சிரிப்போடு சேர்த்துத்தான் விலைபோகும். தனியாக விற்காது.

"இல்ல சார்," என்றாள். "முதல்லேருந்தே இதுதான் சார் உயரம். நாலு மாடி. அப்பாதான் ஒரு மாடி ஏத்திக் கட்டிட்டாரு. உங்களுக்காக இறக்கின மாதிரி காட்டணும்னு..."



டாக்டர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"என் வீடு மூணு மாடி. மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்கும் மேல உங்க ரிப்பன் ஆடுது. கணக்குப் போடத் தெரியாதா எனக்கு? உங்கப்பாகிட்ட ஒரு சோபா வாங்கினேன். நான் கிளம்பறப்பல்லாம் கொஞ்சம் இறக்குவாரு. வாசல் வரைக்கும் வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவாரு. அப்பவே ஆளைத் தெரியும்."

"அப்ப அதிகாரிகிட்ட சொல்லியிருக்கலாமே சார்? ஃபைலு அன்னிக்கே திரும்பியிருக்குமே."

"பேரம் பாதியில நிக்கும்போது யாராவது போலீஸைக் கூப்பிடுவாங்களாம்மா?"

சாரக்காரருக்குப் புரையேறியது.

"நானும் யோக்கியமில்ல," என்றார் டாக்டர். "ரெண்டு மாடிதான்னு எழுதினேன். நாலுக்கு ஒத்துக்கறதாத்தான் இருந்தேன். ரெண்டுல ஆரம்பிச்சாத்தானே நாலுல நிக்க முடியும்? நாலு மாடின்னா என் செடிக்கு சாயங்கால வெயில் போகும், காலை வெயில் இருக்கும். போதும் அதுக்கு. இன்னிக்குக் காலையில முடிச்சுக்கலாம்னு காபியோட பால்கனியில நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். காபிதான் ஆறிப்போச்சு." தெருவுக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார். "ஆளைக் காணோம்."

 தலைக்கு மேல் ரிப்பன்கள் படபடத்தன.

நகராட்சி ஜீப் வந்து நின்றது.

அதிகாரி அளவுக் கருவியோடு இறங்கினார். ஒல்லியான பெண்மணி. சிரிப்புக்கும் அவருக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை என்பதுபோல் ஒரு முகம். மூன்று கம்பங்களை அளந்தார். தலையாட்டினார். நான்காவது கம்பத்தில் நின்றார்.

"மேல இன்னொரு ரிப்பன் ஆடுதே. அது என்ன?"

 சின்னவள் முழுவதும் சொன்னாள். ஒளிக்கவில்லை. காலையில் அப்பா இறந்ததையும், இன்னும் வீட்டில்தான் படுத்திருக்கிறார் என்பதையும் சொன்னாள்.

அதிகாரி கருவியை இறக்கினார். நெற்றியில் கோடு விழுந்தது.

"ரெண்டு வாரமா அஞ்சு மாடி உயரத்துல இருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க."

"ஆமா மேடம்."

"அதைப் பார்த்து ஆட்சேபணை கொடுத்தவர் எங்கே?"

"நான்தான்," என்றார் டாக்டர். "ஆனா ரிப்பனைப் பார்த்துக் கொடுக்கலை. என் பேரம் பேசுற குணத்துல கொடுத்தேன். வாபஸ் வாங்கிக்கறேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாரக்காரரை. அவர் சம்பந்தமே இல்லாதவர்போல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கட்டடத்தைக் குறைச்சுக் காட்டி ஏமாத்தினவங்களை நிறையப் பார்த்திருக்கேன்," என்றார் அதிகாரி மெதுவாக. "கூட்டிக் காட்டி ஏமாத்தினவரை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். நான் வந்தப்ப எது கோட்டுல இருக்கோ அதைத்தான் நான் அளக்கணும். அளவு சரியா இருக்கு. மத்ததையும் குறிப்புல எழுதுவேன். குழு என்ன சொல்லுதோ, அது என் கையில இல்ல."

ஜீப்பில் ஏறப் போனவர் நின்றார். தெருவைக் கடந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பாவின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

பெரியவன் வெளியூரிலிருந்து நாலு மணிக்கு வந்து சேர்ந்தான். அழுதான். தங்கச்சி விஷயத்தைச் சொன்னதும் அழுகைக்கு நடுவில் சிரித்தான். சிரித்ததற்காக மறுபடி அழுதான்.

வண்டி வந்து வாசலில் பின்பக்கமாக நின்றது. அப்பாவைத் தூக்க நான்கு பேர் குனிந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பல் டாக்டர் வந்தார். பெரியவனுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார்.

"சார், கனம்," என்றான் பெரியவன்.

"தெரியும்ப்பா. இறக்கித் தர மாட்டாரு."

வண்டியின் கதவைச் சாத்தும்போது சின்னவளின் போன் அதிர்ந்தது. சங்கத் தலைவர் நகராட்சிக் கூடத்திலிருந்து பேசினார். அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் கேட்டாள். "சரிங்க" என்றாள். இன்னொரு முறை "சரிங்க" என்றாள். போனை அணைத்தாள்.

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மாடிடி?"

"நாலும்மா."

அம்மா வண்டியின் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். உள்ளே அவர் சட்டையின் மேல் பட்டன் திறந்தே இருந்தது.

"அவர் நினைச்ச விலைதான்," என்றாள்.

வண்டி மனையை ஒட்டி மெல்லத் திரும்பியது. சாரக்காரர் எங்கிருந்தோ ஏணி கொண்டுவந்து நான்காவது கம்பத்தில் சாய்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் அவரிடம் போய் ஏதோ சொன்னார். சாரக்காரர் அண்ணாந்து பார்த்தார். தலையாட்டினார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

மற்ற ரிப்பன்களெல்லாம் நாலு மாடி உயரத்தில் ஒரே வரிசையில் நிற்க, தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே, வீடே வரப்போகாத அந்த உயரத்தில், ஒன்று மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.