குளத்துப் பக்கம் சாய்ந்த கோபுரம்

ஒரு கோபுரம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல எஞ்சினியர் தேவையில்லை. கண் இருந்தால் போதும். எப்போது சாய்ந்தது என்று சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம். இதை என் மனுசன் றொமேஷுக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

வால்தம்ஸ்டோவுக்கு அப்பால் ஒரு பூங்கா. அதன் குளக்கரையில் மூன்று தட்டுச் செங்கல் கோபுரம். குடியிருக்க அல்ல, காவலுக்கும் அல்ல. தன் மாளிகை யன்னலிலிருந்து பார்க்க அழகாயிருக்கட்டும் என்று இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு ஆங்கிலேயப் பணக்காரர் கட்டிவைத்தது. அது இன்னும் சாய்ந்துகொண்டே போகிறது, மேல் தட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று றொமேஷ் அறிக்கை எழுதியிருந்தார். எங்கள் கம்பனியில் நாங்கள் இரண்டே பேர். அளந்து பார்ப்பது நான், கையெழுத்து வைப்பது அவர். அன்று நாலு மணிக்கு அறிக்கை போக வேண்டும். போனால் மேல் தட்டு போச்சு.

சாரத்தில் ஏறித் தூக்குக் குண்டை விட்டேன். கீழ் இரண்டு தட்டும் குளத்துப் பக்கம் சாய்வு. மேல் தட்டோ நூல் பிடித்தாற்போல் நேர். அது தொடங்குகிற செங்கல் வரிகளில் குளத்துப் பக்கம் சாந்து தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு.

“இஞ்சருங்கோ!” என்று கத்தினேன். “இது கட்டேக்கையே சாஞ்சிட்டுது. மேசன்மார் அதைக் கண்டிட்டு மேல் தட்டை நிமிர்த்திக் கட்டியிருக்கினம். பிறகு அசைஞ்சிருந்தா மேலையும் சாஞ்செல்லோ இருக்கும்?”

“உமக்கு எல்லாத்திலையும் ஒரு சந்தேகம்,” என்றார் கீழே நின்று.

“சந்தேகம் உங்களுக்கு. எனக்கு ஒண்டும் இல்லை. ஏறிப் பாருங்கோ!”

நான் இறங்க, அவர் ஏறினார். நாலு பக்கமும் இரண்டு தரம் அளந்தார். இறங்கி வந்தபோது முகம் சின்னனாய்ப் போயிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

“சரி, மாத்தி எழுதும்,” என்றார். “ஆனா பிழைச்சா என்ர பேர்தான் நாறும்.”

“அப்ப என்ர பேரைப் போடுறன்.”

அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தார். “நீரும் எஞ்சினியர்தானே. நீர் கேக்கேல்லை, நானும் யோசிக்கேல்லை. போடும்.”

சாரத்தின் கீழ்ப் பலகையில் லப்டொப்பை வைத்து, மேல் தட்டில் கை வைக்கவே வேண்டாம் என்று எழுதினேன். கீழே பிறேமினி என்று கையெழுத்தும் வைத்தேன். என் பேரில் கையெழுத்து வைக்கக் கேட்காமல் இந்தக் கம்பனியில் பன்னிரண்டு வருடம் இருந்தேனே என்று என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.