தொட்டி தெரியாத படம்

“இடுப்புக்குக் கீழ வெட்டிருங்கண்ணா. தொட்டி தெரியவே வேண்டாம்,” என்றாள் அனுப்ரியா.

பேனர் கடை அப்ரோஸ் கம்ப்யூட்டரில் வெட்டினார். சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டி மறைந்தது. வெற்று மார்போடு அப்பா மட்டும் திரையில் நின்றார்.

“கலர்ல வேற படம் இல்லீங்களா?”

“இல்லீங்கண்ணா. இதுக்கப்புறம் அப்பா போட்டோவுக்கே நிக்கலீங்க.”

ஆறு வருடத்துக்கு முன்பு அப்பா ஆத்தப்பன் தொட்டிக்குள் இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து வந்த ஒருவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார் அப்பா. இப்படியே நில்லுங்கள், இதுதான் நன்றாக இருக்கிறது என்றாராம் வந்தவர். கண்காட்சியில் ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். பத்திரிகையிலும் வந்தது. பட்டறையின் பெயரைக் கெடுத்துவிட்டதாக முதலாளி வேலையை விட்டு நிறுத்தினார். அதன்பின் எந்தப் பட்டறை வாசலில் போய் நின்றாலும், “போட்டோல இருந்த ஆளுதானே நீ?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

அப்பா வெளியே போவதையே விட்டுவிட்டார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டின் ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துப் படுத்து இருமிக்கொண்டே இருந்தார். இன்று காலை, அனுப்ரியா பனியன் கம்பெனி வேனுக்குக் கிளம்பும்போது, இருமல் நின்றுபோயிருந்தது.

“அண்ணா, சட்டை போட்டுவிட முடியுங்களா?”

அப்ரோஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு சட்டையாகத் திரையில் கொண்டுவந்தார். கோட்டுகளும் இருந்தன. அவள் ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டையைக் காட்டினாள்.

“மூஞ்சிக்குக் கலர் குடுக்கணுமே. உங்கப்பா என்ன நெறமுங்க?”

அவள் தன் கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

சித்தப்பா அழகுமலை பேனரைச் சந்துமுனை மின்கம்பத்தில் கட்டினார். பிணத்தருகே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து அதற்கு முன்னால் நின்றாள். அழுகையை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

“ஏங்கண்ணு, மேல என்னத்தப் பாக்கறாரு?”

அன்று படமெடுத்தவர் தொட்டியின் விளிம்பில், அப்பாவின் தலைக்கு மேலே நின்றிருந்தார். அனுப்ரியா காற்றில் படபடத்த பேனரின் கீழ்முனையைப் பிடித்து இழுத்து, கம்பத்தோடு சேர்த்து இறுகக் கட்டினாள்.